முன் சீட்டுக்கு அடிதடி

வா கண்ணு, உக்காரு. புலி பாக்கப் போறியாமா? சந்தோசம். பொட்டியெல்லாம் கட்டியாச்சாட்ட இருக்குது. காட்டுக் கலர்ல பேண்ட்டு, காட்டுக் கலர்ல சட்டை, காட்டுக் கலர்ல தொப்பி. கழுத்துல பீரங்கியாட்டம் ஒரு கேமரா. நல்லாத்தான் இருக்குது. ஒரே ஒரு சந்தேகம், கோவிச்சுக்காத. நீ போறது கடகடன்னு சத்தம் போடற வண்டியில. கூட முப்பது பேரு. அதுக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பச்சைச் சட்டையில யாருகிட்ட ஒளியப் போற?

புலியைப் பாரு. பளீர்னு ஆரஞ்சு கலரு, அதுல கறுப்புக் கோடு. கல்யாண மாப்பிள்ளையாட்டம் உடுத்தியிருக்குது. ஆனா புல்லுக்குள்ள நின்னுதுன்னா பத்தடியில இருந்தாலும் தெரியாது. மானுக்குச் சுத்தமாத் தெரியாது. மான் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பிடிபடாதாமா, எல்லாம் பச்சையாட்டவே தெரியுமாமா. படிச்சவங்க சொன்னாங்க. அந்த மாப்பிள்ளை டிரெஸ்சைப் போட்டுக்கிட்டே அது பத்து இருபது தடவை பாஞ்சா ஒருக்காத்தான் எரை சிக்கும். நீ என்னடான்னா கடையில வாங்குன சட்டையை நம்பிக் கெளம்பியிருக்கற.

போன வருசம் என்ர பேரன், மக வயித்துப் பேரன், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை, நாலு சிநேகிதங்களோட வந்தான். "அப்பிச்சி, முதுமலைக்கு சஃபாரி போறோம், நீங்களும் வாங்க"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நாங்க இருக்கறது சத்தியமங்கலம் மலையடிவாரம். ஊட்டுக்குப் பின்னால இருக்கறதே புலிகள் காப்பகந்தான். 2013ல அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடியும் புலி இருந்துச்சு, அதுகளுக்குத்தான் தகவல் வரலை. அந்தக் காட்டை உட்டுப்போட்டு வேறொரு காட்டுக்குக் காசு கட்டிப் போறதா? சரி, சின்னப் பசங்க ஆசை. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

திம்பம் மலை ஏறுனோம். இருவத்தேழு கொண்டை ஊசி வளைவு. பசங்க ஒவ்வொருத்தனும் காதுல எதையோ சொருகிக்கிட்டுக் கண்ணை மூடிட்டானுங்க. காரப்பள்ளம் செக்போஸ்ட்டுக்கிட்ட வண்டி நின்னு போச்சு. என்னன்னு பாத்தா, கொம்பன் ஒண்ணு நடு ரோட்டுல நின்னு கரும்பு லாரியில கட்டணம் வசூல் பண்ணீட்டு இருந்துச்சு. அந்த ரோட்டுல அது வழக்கம். லாரிக்காரரு ரெண்டு கத்தை கரும்பை உருவிப் போட்டாரு, அது தின்னுட்டு வழி உட்டுச்சு. ரசீது கெடையாது. பேரனை எழுப்புனேன். ஒரு கண்ணைத் தொறந்து பாத்தான். "யானை தானே அப்பிச்சி, அங்க போய் புலி பாத்துக்கலாம்"ன்னு மறுபடி தூங்கிட்டான். ஓசியில கெடைச்சா யானையா இருந்தாலும் மதிப்பில்லை, பாத்துக்க.

குண்டல்பேட்டை தாண்டி பந்திப்பூர். 1973 ஏப்ரல் ஒண்ணாந்தேதி புலிகளைக் காப்பாத்தற திட்டத்தை ஆரம்பிச்சப்ப மொதல்ல எடுத்த ஒம்பது காட்டுல அதுவும் ஒண்ணு. முட்டாளுக தினத்துல ஆரம்பிச்ச காரியத்துல உருப்பட்டது அது ஒண்ணாத்தான் இருக்கும். அதுக்கு முந்தின வருசம் எண்ணுனப்போ தேசம் பூரா 1,827 புலிதான்னு கணக்கு. 2022ல எண்ணுனப்போ 3,682. பந்திப்பூர் ரோட்டுல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல காலைல ஆறு வரைக்கும் வண்டி போகக்கூடாது. பகல்ல நம்மளுது, ராத்திரி அதுகளுது. அண்ணந்தம்பி வாய்க்காத் தண்ணியை மொறை வெச்சுப் பாச்சறாப்பல ஒரு ஏற்பாடு.

கக்கநல்லாவுல தமிழ்நாடு வந்துருது. நீலகிரிக்குள்ள நொழைய இ-பாஸ் கேட்டாங்க, பிளாஸ்டிக் பாட்டலைப் புடுங்கிப் போட்டாங்க. பசங்களுக்குக் கோவம். ரோட்டுக்கு இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு. கன்னடக் காடு எங்க முடிஞ்சுது, தமிழ்க் காடு எங்க ஆரம்பிச்சுதுன்னு புலிகிட்டத்தான் கேக்கோணும்.

முதுமலைக்குள்ள தெப்பக்காட்டுல வனத்துறை வண்டிக்கு டிக்கெட் வாங்குனாங்க. அப்ப ஆரம்பிச்சுது பாரு கூத்து. முன் சீட்டுக்கு அடிதடி. தேர்தல்ல கூட அப்படியொரு தள்ளுமுள்ளு நான் பாக்கலை. டிரைவரு பக்கத்துல உக்காந்தாத்தான் புலி தெரியுமாமா. ஏங்கண்ணு, புலி என்ன டிரைவரைப் பாத்து வணக்கம் சொல்லீட்டா போகப்போகுது? நான் கடைசி சீட்டுக்குப் போயிட்டேன். குலுங்கும், புழுதி வரும், ஆனா காலை நீட்டிக்கலாம். "அப்பிச்சிக்கு ஒண்ணுந் தெரியாது"ன்னு ஒருத்தன் சிரிச்சான்.

வண்டி காட்டுக்குள்ள நொழைஞ்சுது. புள்ளிமான் கூட்டம். ஒரு பய கேமராவத் தூக்கலை. "மான் தானே." கொஞ்ச தூரத்துல காட்டெருமை, காலுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டாப்பல நின்னுது. "மாடு தானே." ஆத்தோரத்துல கடமான், அதுவும் 'தானே'. மந்தி, மயில், மலையணில், எல்லாம் 'தானே' கணக்குல போயிருச்சு. ஏன் சாமி, அந்த மானும் காட்டெருமையும் இல்லீன்னா உன்ர புலி என்ன, மெஸ்சுல சாப்பாட்டுக்குச் சொல்லி வெச்சிருக்குதா? கல்யாணத்துக்குப் போயி மாப்பிள்ளையை மட்டும் பாத்துட்டு, பந்தியில உக்காராம வர்றவனை என்னன்னு சொல்லுவ?

திடீர்னு ஒருத்தன் "புலி! புலி!"ன்னான். வண்டியே ஒரு பக்கமாச் சாஞ்சுது. கேமரா சத்தம் பட்டாசாட்டம். பாத்தா, விழுந்து கெடந்த மரக்கட்டை. மேல வெயில் விழுந்து கோடு கோடாத் தெரிஞ்சுது. டிரைவரு திரும்பிக் கூடப் பாக்கலை. தெனமும் பாக்கறாரு போல.

ஒரு எடத்துல வண்டியை நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணுனாரு. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் பையன், அந்தக் காட்டுலயே பொறந்து வளந்தவன், விரலை வாயில வெச்சுக் காட்டுனான். மரத்து மேல மந்தி ஒரு மாதிரி கத்துச்சு. சித்த நேரங்கழிச்சுப் புள்ளிமான் கத்துச்சு. அப்புறம் கடமான், ஒரே ஒரு சத்தம், 'டாங்'ன்னு. பையன் மூஞ்சி மாறிப்போச்சு. மந்தி சும்மாவும் கத்தும் கண்ணு, கடமான் வெட்டிக்குக் கத்தாது. எனக்கு முதுகு முடி சிலுத்துக்கிச்சு. அந்த நேரத்துல முன் சீட்டுல ஒரு போன் அடிச்சுது. சினிமாப் பாட்டு. "ஹலோ, ஆமா மச்சி, ஃபாரஸ்ட்ல இருக்கேன், டவர் இல்லை"ன்னு கத்தறான். டவர் இல்லாமத்தான் பேசறானாமா! காடு கப்புசிப்புன்னு ஆயிருச்சு. காவலர் பையன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். வேற என்ன பண்றது?

நீயே கணக்குப் போடு. முதுமலை 688 சதுர கிலோமீட்டரு. உள்காட்டுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சுத்திப் பாக்க உடக்கூடாதுன்னு விதி. அதுலயும் உன்ர வண்டி ஓடறது ஒரு மண்ரோடு, ஒரு மணி நேரம். ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆள் உசரத்துக்கு மண்டிக் கெடக்குது, அதுக்கு அக்கட்ட ஆனையே நின்னாலும் தெரியாது. தமிழ்நாடு பூராவும் 2022 கணக்குல 306 புலி. என்ர மகளோட சீருக்கு வந்த ஒறம்பரை அதைவிட எச்சு.

இன்னொண்ணு சொல்றேன், இது சிரிக்கற விசயமில்லை. 2021ல கூடலூரு, மசினகுடிப் பக்கம் ஆளை அடிச்சுதுன்னு டி23ன்னு ஒரு புலியைத் தேடுனாங்க. கும்கி யானை, மோப்ப நாயி, ட்ரோனு, மரத்துக்கு மரம் கேமரா. மனுசனுக்குக் கைரேகையாட்டம் புலிக்குக் கோடு, ஒண்ணுக்கு இருக்கறது இன்னொண்ணுக்கு இருக்காது. அதை வெச்சு அடையாளம் பாத்து அலைஞ்சாங்க. மூணு வாரம் ஆச்சு, உசுரோட பிடிக்க. அத்தனை பேரு, அத்தனை சாமானம், மூணு வாரம். நீ ஒரு மணி நேர டிக்கெட்டை வெச்சுக்கிட்டு "எப்ப வரும்"னு கேக்கற. வர்றதுக்கு அது என்ன டவுன் பஸ்சா?

பொழுதோட ரிசார்ட்டுக்குப் போனோம். அறைக்கு அறை புலிப் பேரு. செவுத்துல புலி, தலகாணியில புலி, கக்கூஸ் கதவுல கூட புலி படம். அங்க மட்டுந்தான் கொறைவில்லாமக் காட்சி குடுத்துச்சு. ஒருத்தன் நைசா வந்து, "ராத்திரி ஜீப்புல கூட்டிட்டுப் போறேன், கட்டாயம் புலி காட்டறேன்"ன்னான். பசங்க பர்சைத் தொறந்தாங்க. நான் போட்ட சத்தத்துல அவன் இருட்டுக்குள்ள ஓடிட்டான். அது சட்டப்படி குத்தம் கண்ணு, உன்கிட்டயும் வருவான், ஏமாந்துறாத. நடுச்சாமத்துல உன்ர படுக்கையறைக்குள்ள எவனாச்சும் டார்ச் அடிச்சா நீ சும்மா இருப்பியா?

அன்னைக்கு ராத்திரி பேரன் போன்ல என்னமோ எழுதீட்டிருந்தான். "என்ன சாமி?"ன்னேன். "ரிவ்யூ அப்பிச்சி. ஒரு ஸ்டார் குடுத்திருக்கேன். புலி இல்லை, பணம் வேஸ்ட்." அந்தப் பக்கத்துல இன்னொருத்தன் மரக்கட்டை படத்தைப் போட்டு, கீழ ஒரு கேள்விக்குறி வெச்சு, புலின்னு எழுதிட்டான். காலைல பாத்தா நானூறு பேரு லைக் போட்டிருக்காங்க. கட்டைக்கு அமைஞ்ச யோகம்.

திரும்பி வரையில பேரன் கேட்டான், "ஏனுங் அப்பிச்சி, நாங்க எல்லாம் இப்படிப் பொலம்பறோம், நீங்க மட்டும் நேத்து இருந்து சிரிச்சுக்கிட்டே வர்றீங்களே?"

நான் என்னத்தைச் சொல்ல? வண்டி திரும்பையில முன்னால மயில் ஒண்ணு தோகையை விரிச்சுது. அதுவரைக்கும் 'மயில் தானே'ன்னவங்க, புலி இல்லீன்னா இதாச்சும் இருக்கட்டும்னு எல்லாரும் எந்திரிச்சு முன்னால போயிட்டாங்க. நான் காலை நீட்டிக்கிட்டுப் பின் கண்ணாடி வழியா, வண்டி கெளப்புன புழுதி அடங்கறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். புழுதிக்குப் பின்னால என்னத்தைப் பாத்தேன்னு நான் சொல்லலை. டிக்கெட்டுக்குக் காசு குடுத்தது அவங்க. அப்புறம் சண்டை வரும்.

நீ போறியல்ல, பின் சீட்டுல உக்காரு கண்ணு. யாரும் போட்டிக்கு வர மாட்டாங்க.