அத்தைக்குப் பின்னால் ஏழு மலை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால், மழை விட்ட சாயங்காலங்களில் வெள்ளியங்கிரி தெரியும். வடவள்ளிக்குக் குடிவந்த பதினாறு வருஷமாக அதைத் துணிக்கொடிக்கு மேலே பார்த்து வருகிறேன். விருந்தாளி யாராவது வந்தால் காபி டம்ளரோடு மாடிக்குக் கூட்டிப்போய், "அதோ, அதுதான் ஏழாவது மலை" என்று விரலை நீட்டுவேன். நான் காட்டுவது ஏழாவது மலைதானா என்பது எனக்கும் தெரியாது, விருந்தாளிக்கும் தெரியாது. அதனால் பதினாறு வருஷம் பிரச்சினை இல்லாமல் ஓடியது.

போன மாசியில் அத்தை வந்திருந்தார். அத்தை என்றால் மனைவியின் அம்மா. கோபி பக்கத்து ஊர், வயது 64. காய்ந்த மிளகாயை அள்ள மாடிக்கு வந்தவரிடம் பழக்க தோஷத்தில் விரலை நீட்டிவிட்டேன்.

"அது இல்லீங்க மாப்ள. அது வேற மலை."

"நீங்க போயிருக்கீங்களா அத்தை?"

"மூணு தடவ. இந்த மாசம் நாலாவது போலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்களேன், தொணைக்கு."

யாருக்கு யார் துணை என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கத் தோன்றாமல் தலையாட்டிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பத்து வயதுக்கு மேல், ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்கள் வெள்ளியங்கிரி ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். என் மனைவிக்கு 46. தினமும் விடிகாலையில் மருதமலைப் படி ஏறி இறங்கிவிட்டு வந்துதான் இட்லி ஊற்றுவாள். கேஸ் சிலிண்டரை உருட்டாமல் தூக்கி வைக்கிற ஆள். நானோ, ஆபீஸில் லிஃப்ட் வேலை செய்யாத நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று தகவல் அனுப்புகிறவன். மலையின் விதிப்படி எங்கள் வீட்டில் தகுதி பெற்றவர்கள் அத்தையும் நானும். அந்த மலையை ஊதித் தள்ளக்கூடியவள் வாசலில் நின்று எனக்கு டாட்டா காட்டினாள். "அம்மாவைப் பாத்துக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அத்தையிடம் தனியாக ஏதோ சொன்னாள். அதுவும் கிட்டத்தட்ட அதே வாக்கியமாகத்தான் இருந்திருக்கும்.

நான் ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை. இமயமலைக்கே போகலாம் என்று கடைக்காரர் சத்தியம் செய்த ஷூ. முதுகில் பதினோரு ஜிப் வைத்த பை. அதில் சிப்ஸ், பிஸ்கட், புரோட்டீன் பார், முழங்கால் உறை, வலி ஸ்பிரே. எத்தனை அடி நடந்தேன் என்று எண்ணிச் சொல்லும் செல்போன் செயலி. அத்தையிடம் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதற்குள் ஒரு துண்டு, ஒரு டார்ச், நாலு எலுமிச்சை, துணியில் முடிந்த பொட்டுக்கடலை உருண்டை, கொஞ்சம் கருப்பட்டி.

காந்திபுரத்தில் பூண்டி பஸ் பிடித்தோம். பேரூர் தாண்டி, ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் என்று போகப் போக ஊர் மெலிந்து பாக்குத் தோப்புகள் நெருங்கி வரும். ஜன்னல் வழியே ஈர மண்ணும் வாழைச் சருகும் கலந்த ஒரு வாசனை வந்தது. கோவையில் இருந்துகொண்டே இவ்வளவு வருஷம் இந்தப் பஸ்ஸில் ஏறாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் பூண்டி வரைக்கும்தான் தாங்கியது. அங்கே இறங்கி, இருட்டில் நிமிர்ந்து நின்ற கருப்பு உருவத்தைப் பார்த்ததும், இவ்வளவு வருஷம் வராதது எவ்வளவு சரியான முடிவு என்று தோன்றியது.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனை. பிளாஸ்டிக் எதுவும் மலைக்குப் போகக்கூடாது. என் பதினோரு ஜிப்பும் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. சிப்ஸ் காகிதப் பொட்டலத்துக்கு மாறியது. பிஸ்கட்டுகள் உறையிழந்து பையின் அடியில் நொறுங்கின. தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி இருபது ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள்; திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. அத்தையின் மஞ்சப்பையில் சோதிக்க எதுவுமே இல்லை. விமான நிலையத்தில் மந்திரி போவது மாதிரிப் போனார்.

வாசலில் மூங்கில் தடி விற்கிறார்கள். "எனக்கு எதுக்குத் தடி" என்றேன். ஷூ மேல் அவ்வளவு நம்பிக்கை. அத்தை பதில் சொல்லாமல் இரண்டு தடி வாங்கினார். இரண்டு கைக்கும் இரண்டு போலிருக்கிறது என்று நினைத்தேன். முதல் மலையில் இருநூறு படி ஏறுவதற்குள், ஒரு வார்த்தை பேசாமல் ஒன்றை என் பக்கம் நீட்டினார். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மூச்சு இல்லை.

ஒருவழிக்கு ஆறு கிலோமீட்டர்தான். ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று நடந்தால் கிட்டத்தட்ட ஆகிவிடுகிற தூரம். ஆனால் அந்த ஆறு கிலோமீட்டரின் கடைசி முனை ஏறத்தாழ 6000 அடி உயரத்தில் இருக்கிறது. முதல் மலை முழுக்கக் கல் படிகள். ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், அதற்கடுத்தது கட்டியவருக்கு அன்று வீட்டில் என்ன சண்டையோ, இடுப்பு உயரம். டார்ச் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது மூன்றே பொருள்: அடுத்த படி, மூக்கு நுனியில் தொங்கும் வியர்வை, முன்னால் போகும் அத்தையின் வெறும் குதிகால். செருப்பை அவர் அடிவாரத்திலேயே கழற்றி மஞ்சப்பையில் போட்டிருந்தார். அந்தக் குதிகால் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் இந்த மலையில் நெஞ்சு வலி வந்து இறந்தவர்கள் உண்டு. அதில் மட்டும் கேலி பண்ண எனக்கு மனசு வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடங்களில் எல்லாம் அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது.

மலையில் எல்லாரும் எல்லாருக்கும் சாமி. இறங்கி வருகிற சாமிகளிடம் "இன்னும் எவ்வளவு தூரம் சாமி?" என்று கேட்டால், "இதோ, பத்து நிமிஷம்தான் சாமி" என்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் பத்து நிமிஷம் என்றார். பதினொன்றரைக்கு இன்னொருவரும் பத்து நிமிஷம் என்றார். நேரம் நகர்ந்ததே தவிர அந்தப் பத்து நிமிஷம் நகரவில்லை. இந்த மலையில் பொய் சொல்லாத ஒரே ஜீவன் என்னோடு வந்திருந்தது.

"அத்தை, பாதி வந்துட்டமா?"

"இல்லீங்க மாப்ள. இது ரெண்டாவது. இன்னும் அஞ்சு இருக்குதுங்க."

ஒரு மனிதனை உயிரோடு புதைக்க மரியாதை விகுதியே போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

முதல் மலை முடிவில் வெள்ளை விநாயகர் இருக்கிறார். அவர் கோயில் பக்கம் குடித்த சுக்குக் காபிக்கு இணையாக நான் ஒரு பெரிய ஓட்டலிலும் குடித்ததில்லை. அது காபியின் சிறப்பா, என் நிலைமையின் சிறப்பா என்று சொல்ல மாட்டேன். மேலே கைதட்டிச் சுனை. கை தட்டினால் பாறையிலிருந்து நீர் சொட்டும் என்பது நம்பிக்கை. நான் தட்டினேன், இரண்டு ஈரத்துணி மோதிக்கொண்ட சத்தம் வந்தது. அத்தை, கோழியைக் கூடையில் அடைக்கக் கூப்பிடுகிற மாதிரி பட்பட்டென்று தட்டினார். சுனை யாருக்கும் பாரபட்சம் காட்டாமல் அதன் போக்கில் சொட்டியது.

ஐந்தாவது மலைப் பக்கம் ஒரு பிரம்மாண்டமான பாறைக்குப் பீமன் களியுருண்டை என்று பெயர். வனவாசத்தில் பீமன் உருட்டிய களியாம். அதன் அடியில் உட்கார்ந்து புரோட்டீன் பாரைத் தேடினேன். அது பிஸ்கட் தூளோடு கலந்து, வலி ஸ்பிரே கசிந்து, மனிதர்கள் சாப்பிடும் நிலையைக் கடந்திருந்தது. அத்தை கடலை உருண்டையில் ஒன்றை என் கையில் வைத்தார். "கொஞ்சமாத் தின்னுங்க. மேல குளுரும்."

குளிர்ந்தது. மரக்கூட்டம் விலகி, வெறும் புல்வெளி தொடங்குகிற இடத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. சோலைக்காடு பள்ளங்களில் மட்டும் ஒடுங்கிக்கொள்கிறது, மேடெல்லாம் புல். கீழே வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். டார்ச் வெளிச்சங்கள் வளைந்து வளைந்து, யாரோ அவிழ்த்துப் போட்ட வெளிச்ச அரைஞாண் மாதிரி மலை இடுப்பில் கிடந்தன. அதற்கும் அப்பால், மினுக்மினுக்கென்று கோயமுத்தூர். அதில் எங்கேயோ ஒரு மொட்டை மாடியும் துணிக்கொடியும்.

ஆறாவது மலையில் ஆண்டிச் சுனை. அங்கே குளித்துவிட்டு ஏழாவது ஏறுவது வழக்கம். விடிவதற்கு முந்தின இருட்டு, எலும்பில் ஊசி போடுகிற குளிர். அத்தை "சிவ சிவா" என்று ஒரே முழுக்கு, துண்டை உதறினார், முடிந்தது. நான் மூன்று சொட்டுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, குளித்த முகத்தை வைத்துக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்தார். காய்ந்த சட்டையைப் பார்த்தார். மகளைக் கொடுத்த வீடாயிற்றே என்று ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

ஏழாவதை ஏறினேன் என்று சொல்வது மிகை. தடி ஏறியது, பின்னாலேயே நான் போனேன். நெட்டுக்குத்தான சரிவில் பத்தடிக்கு ஒருதரம் நின்று, இயற்கையை ரசிப்பதாகக் காட்டிக்கொண்டேன். ரசிக்க நிஜமாகவே நிறைய இருந்தது. கிழக்கே வானம் செம்பு நிறத்துக்கு மாறியது. மேற்கே கேரளப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் முழுக்கப் பஞ்சு அடைத்த மாதிரி மேகம். உச்சியில் பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தாமாகவே ஒரு குகை ஆகியிருக்கின்றன. உள்ளே வெள்ளியங்கிரி ஆண்டவர், லிங்கமாக. வரிசையில் நின்று, குனிந்து, திருநீறு வாங்கி நெற்றியில் பூசியபோது, என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ராத்திரி முழுக்கப் போட்டு வைத்த பட்டியல் மறந்துபோனது. ஞாபகம் வந்த ஒரே கோரிக்கை, இறங்குவதற்கு வேறு வழி ஏதாவது காட்டு என்பது. ஆண்டவர் அதற்கெல்லாம் இறங்கி வருகிறவர் இல்லை.

ஏறும்போது நுரையீரல் பட்ட பாட்டை இறங்கும்போது முழங்கால் பட்டது. இரண்டாவது மலை அருகே கனத்த உடம்புக்காரர் ஒருவர், என்னைப் போலவே பல ஜிப் வைத்த பையோடு, பாறையில் சரிந்து கிடந்தார். "இன்னும் எவ்வளவு சாமி?" என்றார். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு எப்படி உண்மையைச் சொல்வது? "பத்து நிமிஷம்தான் சாமி." பின்னாலிருந்து அத்தை வாயைத் திறப்பதற்குள் தடியை ஊன்றி வேகமாக இறங்கிவிட்டேன்.

அடிவாரத்தில் இருபது ரூபாயை மறக்காமல் திரும்ப வாங்கினேன். இவ்வளவு கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு வேறு எதுவும் இல்லை. ஆலாந்துறையில் இறங்கி ஆளுக்கு இரண்டு இளநீர். அப்புறம் பேரூர். நொய்யல் அந்த மலைகளில்தான் பிறக்கிறது. பட்டீஸ்வரர் கோயில் பக்கம் வரும்போதே களைத்துவிடுகிறது, திருப்பூரைத் தாண்டும்போது சாயப்பட்டறைகள் கொடுத்த நிறத்தில் போகிறது. மேலே பார்த்துவிட்டு வந்தவனுக்கு இங்கே பார்க்க என்னவோ போலிருந்தது. கனகசபைச் சிற்பங்களை மறுபடி பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் அத்தை. கோயில் வாசல்படியைத் தாண்டக் காலைத் தூக்கினேன், வரவில்லை. அத்தை உள்ளே போய் நிதானமாக எல்லாத் தூணையும் பார்த்துவிட்டு வந்தார். நான் வெளியே அவர் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மூன்று நாள் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். நாலாம் நாள் மனைவி அந்த மூங்கில் தடியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஒட்டடை அடிக்கவா என்றேன்.

"இல்லைங்க. இன்னும் நாலு வருஷத்துல எனக்கு ஐம்பது ஆயிரும். நானும் அம்மாவும் போலாம்னு பேசி வெச்சிருக்கோம்."

"அப்ப அத்தைக்கு 68 ஆயிருக்குமே."

"அதுக்கென்னங்க?"

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். என் பெயர் வருகிற மாதிரித் தெரியவில்லை. "நான்?" என்றேன்.

"நீங்களும் வாங்க" என்றாள், தடியின் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "அடிவாரத்துல செருப்பைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்லைங்களா?"