அரை மைலில் நின்றுவிடும் எண்ணெய்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தார்கள். அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படையினர். வடக்கு டகோட்டாவில் மிசௌரி ஆற்றுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போக அனுமதி கேட்டு ஒரு நிறுவனம் வந்தது. இவர்கள் டேப்பை எடுத்து அளந்தார்கள். குழாய் ஆற்றைக் கடக்கும் இடத்திலிருந்து அரை மைலுக்குள் ஏழைகளோ சிறுபான்மையினரோ பாதிக்கப்படுவார்களா? ஆராய்ந்தார்கள். இல்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஸ்டாண்டிங் ராக் சூ பழங்குடியினரின் நிலம் ஆற்றோட்டத்தின் திசையில் 0.55 மைலில் ஆரம்பிக்கிறது.

கோட்டுக்கு வெளியே எண்பது மீட்டர். காலையில் பால் பாக்கெட் வாங்கப் போகும் தூரம். ஆற்றில் எண்ணெய் கசிந்தால் அது அரை மைல் வரை மிதந்து வரும். கோட்டைப் பார்த்ததும் அடக்கவொடுக்கமாக நின்று, 'மன்னிக்கணும், இதற்கு மேல் என் எல்லை இல்லை' என்று கும்பிட்டுத் திரும்பிப் போய்விடும். எண்ணெய்க்கு அவ்வளவு ஒழுக்கம் உண்டு. எண்ணெய் விற்பவர்களுக்குத்தான் கொஞ்சம் குறைச்சல்.

குழாயின் பெயர் டகோட்டா ஆக்சஸ். பாக்கன் எண்ணெய் வயல்களிலிருந்து இல்லினாய் வரை 1,172 மைல் நீளம். செலவு சுமார் 380 கோடி டாலர். 'டகோட்டா' என்றால் அந்த மக்களின் மொழியில் நண்பன், கூட்டாளி. நண்பனின் பெயரை எடுத்துக் குழாய்க்கு வைத்துவிட்டு, நண்பனின் தண்ணீருக்கு அடியிலேயே அதைச் செருகும் நட்பு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

முதலில் இன்னொரு பாதையையும் பரிசீலித்தார்கள். அது மாநிலத் தலைநகரான பிஸ்மார்க்குக்கு வடக்கே போனது. அதைக் கைவிடக் காரணங்கள் பல சொன்னார்கள்: நீளம் கூடும், சாலைகள் குறுக்கிடும், வீடுகள் பக்கத்தில் வரும். பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: நகரத்தின் குடிநீர்க் கிணறுகளுக்கு அருகில் போகிறது. குழாய் நூறு சதவீதம் பாதுகாப்பானதுதான். ஆனால் வெள்ளையர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரின் குடிநீருக்குப் பக்கத்தில் மட்டும் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது போலிருக்கிறது. கீழே தள்ளினால் சரியாகிவிடும். தள்ளினார்கள்.

தள்ளிய இடம் ஓவாஹி ஏரி. அந்த ஏரிக்கும் ஒரு கதை உண்டு. அதை உண்டாக்க இதே பொறியாளர் படை மிசௌரியின் குறுக்கே கட்டிய அணை, ஸ்டாண்டிங் ராக் மக்களின் ஆற்றங்கரை நிலத்தில் சுமார் 56,000 ஏக்கரை மூழ்கடித்தது. முதலில் நிலத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தார்கள். பிறகு தண்ணீரை எண்ணெய்க்குக் கொடுத்தார்கள். கொடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை; கொடுத்ததெல்லாம் அடுத்தவன் சொத்து, அவ்வளவுதான்.

இந்த வரைபடத்தைச் சரியாகப் படித்தவர்கள் பிள்ளைகள். பக்கத்து ஷையன் ரிவர் ஒதுக்கீட்டு நிலத்தில், தற்கொலைக்குத் தோழர்களைப் பறிகொடுத்த இளைஞர்கள் மிச்சமிருப்பவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். கூட இருப்பவனைச் சாகவிடக்கூடாது என்று கிளம்பியவர்கள், ஆறு சாகப்போகிறது என்றதும் சும்மா இருப்பார்களா? 2016 ஏப்ரலில் ஆற்றங்கரையில் முகாம் எழுந்தது. இளைஞர்கள் பொறியாளர் படையின் ஒமாஹா அலுவலகத்துக்கு 500 மைல் தொடர் ஓட்டம் ஓடினார்கள். அது போதாதென்று ஜூலையில் வாஷிங்டனுக்குக் கிளம்பினார்கள். கிட்டத்தட்ட 2,000 மைல். கையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள். மனுவை எழுதியவள் 13 வயதுச் சிறுமி.

பிள்ளைகள் வழியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஜூலை 25 அன்று, அனுமதி கொடுத்தாகிவிட்டது. குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை என்பது தீர்மானம். 2,000 மைல் ஓடுகிற கால்கள் பெரியவையா, ஒரு வரி எழுதுகிற பேனா பெரியதா? பேனாதான். அதற்கு மூச்சு வாங்காது.

செப்டம்பர் 2 அன்று பழங்குடியினர் தங்கள் மூதாதையரின் கல்லறைகள் என்று சொன்ன இடங்களின் விவரத்தை நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை வாரக்கடைசி. புல்டோசர்கள் அதே இடத்துக்கு வந்தன, துணைக்கு நாய்களோடு. விலாசம் கேட்டுப் போகும் சிரமத்தை நீதிமன்ற மனுவே மிச்சப்படுத்திவிட்டது.

அக்டோபர் 27 அன்று 141 பேர் கைது. கையில் மார்க்கரால் எண் எழுதி, கம்பிவலைக் கூண்டுகளில் அடைத்தார்கள். நவம்பர் 20 இரவு, தண்ணீர் உறையும் குளிரில், கூடியிருந்தவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். தீயை அணைக்கத்தான் என்று ஒரு விளக்கமும் வந்தது. முகாம் மருத்துவர்களின் கணக்கில் காயம்பட்டவர்கள் சுமார் 300 பேர். 'தண்ணீரே உயிர்' என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அரசாங்கம் கடைசியில் தண்ணீர் கொடுத்தது.

நிறுவனம் அமர்த்திய தனியார் பாதுகாப்புக் கம்பெனியின் உள் ஆவணங்கள் 2017இல் வெளியே வந்தன. பாட்டுப் பாடிப் பிரார்த்தனை செய்த இந்த இயக்கத்தை அவர்கள் ஜிஹாதிக் கிளர்ச்சியோடு ஒப்பிட்டிருந்தார்கள். குடிதண்ணீர் கேட்பது எவ்வளவு பெரிய பயங்கரவாதம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

2016 டிசம்பர் 4 அன்று, ஏரிக்கு அடியில் போகத் தனியாகத் தேவைப்பட்ட உரிமையைப் பொறியாளர் படை மறுத்தது. மறுநாள், முகாமிலிருந்து சுமார் 150 மைல் தள்ளி இன்னொரு குழாய் உடைந்து ஓடைக்குள் எண்ணெய் பாய்வது தெரியவந்தது. கண்டுபிடித்தது அதிநவீன மின்னணுக் கண்காணிப்புக் கருவி இல்லை. அந்தப் பக்கத்து நிலத்துக்காரர். கருவி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்காதீர்கள். பாதுகாத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஜனவரியில் டிரம்ப் வந்தார், பிப்ரவரியில் உரிமை வந்தது, கூடவே முகாமைக் காலி செய்யும் உத்தரவும் வந்தது. அதற்கு ஆளுநர் சொன்ன காரணத்தைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும்: வசந்தகால வெள்ளத்தில் முகாமின் கழிவுகள் அடித்துப்போய் மிசௌரி ஆறு மாசுபடும் அபாயம். கூடாரமும் போர்வையும் சமையல் பாத்திரமும் ஆற்றைக் கெடுத்துவிடும். ஜூன் 1 முதல் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் அதன் அடியில் ஓடினால் கெடாது.

இந்தப் பிள்ளைகளுக்குச் செய்த கடைசி அவமானம் 2025இல் நடந்தது. போராட்டத்தைத் தூண்டி நடத்தியது கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புதான் என்று நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. மாண்டன் நகர ஜூரி 66 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. பின்னர் நீதிபதி அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். தொகையை விடுங்கள். பழங்குடிச் சிறுமிக்கு மனு எழுதத் தெரியும், சொந்தப் புத்தியில் கோபப்படத் தெரியும் என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. பின்னால் ஒரு பெரிய ஆள் இருந்தே ஆக வேண்டும். இருந்தது உண்மைதான். பின்னால் ஒரு ஆறு இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே, முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் கொடுத்த உரிமை செல்லாது என்று 2020இல் வேறொரு நீதிபதி தீர்ப்பளித்திருந்தார். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குழாய் அரசு நிலத்தில் உரிமையில்லாமல் கிடக்கிறது என்று ஆயிற்று. நம் ஊரில் இதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். அகற்றுவதா வேண்டாமா என்பது பொறியாளர் படையின் விருப்பத்துக்கு விடப்பட்டது. முகாமை அகற்ற ஆயுதப் போலீஸ் வந்தது. குழாயை அகற்ற ஒருவரும் வரவில்லை. எண்ணெய் ஓடிக்கொண்டே இருந்தது.