ஓங்கிய பச்சையும் ஒடுங்கிய சிவப்பும்

எங்கள் பக்கம் ஓர் ஆளை எடைபோட மூன்று கேள்வி போதும்: எந்த ஊர், யார் மகன், எங்கே வேலை. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் கடன் கொடுக்கலாமா, பெண் கொடுக்கலாமா, பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுக்கலாமா என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். நான்காவது கேள்வி ஒன்றை ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூற்பாலை புதிதாகப் புகுத்திவிட்டது: "நீங்க என்ன கலர்?"

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், சம்பளம் ராஜபாளையத்தில். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தச் சாலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் என் நிறம் நரை என்றுதான் இருந்தேன். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் அதை ஏற்கவில்லை. உலகத்தில் நாலே நிறம்தான் என்றார். சிவப்பு: முடிவெடுப்பார், அதட்டுவார், காத்திருக்க மாட்டார். மஞ்சள்: பேசுவார், சிரிப்பார், ஒப்புக்கொண்டதை மறப்பார். பச்சை: பொறுமைசாலி, அனுசரித்துப் போவார், சண்டை என்றால் செருப்பைத் தேடுவார், கிளம்புவதற்கு. நீலம்: கணக்கு, ஒழுங்கு, ஒரு பைசா இடித்தாலும் தூக்கம் வராது. நான்கும் எல்லோரிடமும் உண்டு. அதில் ஒன்று ஓங்கி நிற்கும், ஒன்று கைகொடுக்கும், ஒன்று அடியில் ஒடுங்கிக் கிடக்கும்.

கேள்வித்தாளை நிரப்பி, முந்திரி பிஸ்கட் தின்று முடிப்பதற்குள் என் அறிக்கை வந்துவிட்டது. ஓங்கிய நிறம் பச்சை. துணைக்கு நீலம். ஒடுங்கியது சிவப்பு. "நீங்க உங்க கோபத்தைப் புதைச்சு வச்சிருக்கீங்க சார்" என்றார் பயிற்சியாளர். ஸ்பின்னிங் மாஸ்டர் ஆமோதித்தார்: "சார் சத்தம் போட்டு நாங்க பார்த்ததே இல்லையே." எல்லோருக்கும் நிற அட்டை கொடுத்தார்கள். மேசையில் நிற்க வைக்க வேண்டுமாம்.

வேறு தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். மில்லில் சிரிக்க முடியாது. எங்களிடம் நூலின் கவுண்டை, அதாவது அதன் பருமன் எண்ணைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கவுண்டுக்கும் ஒரு நிறக் கோன். நாற்பதாம் நம்பர் கோன்களுக்கிடையே அறுபதாம் நம்பர் கோன் ஒன்று புகுந்துவிட்டால் கட்டுக் கட்டாகப் பிரித்துத் தேடுவோம். நிறத்தைப் பார்த்து உள்ளே இருப்பதை நம்புவதுதான் எங்கள் பிழைப்பு. மனிதனையும் கோனில் சுற்றிவிட்டார்கள் என்றதும் யாருக்கும் வியப்பு வரவில்லை.

என் கோன் அன்று மாலையே கழன்றது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் வழியே நான் போட்டு வைத்த கைக்குட்டையை எடுத்து மடித்து, பக்கத்தில் வைத்துவிட்டு, ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடித்து வைத்ததுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் பேசியதை இங்கே எழுத இயலாது. பின்சீட்டிலிருந்து எங்கள் ரிங் ஃப்ரேம் மேஸ்திரி குரல் கொடுத்தார்: "சார், உங்க பச்சை எங்க போச்சு?"

பச்சை எங்கும் போவதில்லை. இதைப் பட்டாணியை வைத்து நிரூபித்தவர் மெண்டல் பாதிரியார். மஞ்சள் பட்டாணியையும் பச்சைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறை அத்தனையும் மஞ்சள். பச்சை ஒழிந்தது என்று வேறு யாராவது முடிவு கட்டியிருப்பார்கள். அவர் அடுத்த தலைமுறையையும் உட்கார்ந்து எண்ணினார்: மஞ்சள் 6022, பச்சை 2001. நாலில் ஒன்று. பச்சை ஒரு தலைமுறை வாயை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எண்ணிய பொறுமையைப் பார்த்தால் மெண்டல் சந்தேகமில்லாமல் நீலம்.

இந்த நாலு நிற வித்தைக்கு மூலவர் என்று சொல்லப்படுபவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்கர். 1928-இல் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை நான்காகப் பிரித்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் நிறமும் கிடையாது, கேள்வித்தாளும் கிடையாது. இரண்டையும் பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அவரோ 'வொண்டர் வுமன்' என்ற சித்திரக்கதை நாயகியைப் படைக்கப் போய்விட்டார். தாமஸ் எரிக்சன் என்ற சுவீடன்காரர் 2014-இல் இந்த நிறங்களை வைத்து எழுதிய புத்தகம் உலகமெங்கும் விற்றது. அந்த நாட்டு அறிவியல் பரப்பும் சங்கமோ 2018-க்கான 'ஆண்டின் குழப்பவாதி' பட்டத்தை அவருக்கே கொடுத்தது.

அறிக்கை எனக்கு அப்படியே பொருந்தியது என்பது உண்மை. ஸ்டோர் கீப்பருடைய அறிக்கையை வாங்கிப் படித்தேன். அதுவும் அப்படியே பொருந்தியது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் 'உங்கள் குணம்' என்று தனித்தனியே ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். ஜோசியப் புத்தகத்தில் பொறுக்கியது.

ஒடுங்கிய நிறத்தைத் தேடுவதையே தொழிலாக வைத்திருந்தவர் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் லூஷர். 1947-இல் அவர் கொண்டுவந்த சோதனையில் எட்டு நிற அட்டைகளைப் பிடித்த வரிசையில் அடுக்க வேண்டும். முதலில் எடுப்பது உங்கள் ஆசை. கடைசியில் தள்ளுவது நீங்கள் அமுக்கி வைத்திருப்பது. எங்கள் ஊர் ஜவுளிக்கடைச் சிப்பந்திக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. வந்தவுடன் "இந்தக் கலர் வேண்டவே வேண்டாம்" என்று ஒதுக்கிய அரக்குச் சேலையை அவர் மடித்து உள்ளே வைப்பதே இல்லை. பில் போடும்போது அதுதான் எடுபடும் என்று அவருக்குத் தெரியும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஆசீவகர்கள் என்ற பழைய சமயத்தார் உயிர்களை நிறம் பிரித்து வைத்திருந்தார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் காதையில் அந்தப் பட்டியல் இருக்கிறது: கருமை, கருநீலம், பசுமை, செம்மை, பொன், வெண்மை என ஆறு பிறப்பு. பயிற்சியாளரைவிட இரண்டு நிறம் அதிகம். ஆனால் நிறத்தை மாற்ற நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது; எல்லாம் விதிப்படி. வீசிய நூலுருண்டை முழுதும் அவிழ்ந்துதான் நிற்கும், அறிவாளியும் மூடனும் அப்படியே தம் பிறவிகளைக் கடந்து முடிப்பார்கள் என்று அவர்களுடைய ஆசான் மற்கலி கோசாலர் சொன்னதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. நூல் உதாரணம் சொன்னவர் எங்கள் தொழிலுக்கு அந்நியர் ஆக மாட்டார். அட்டையை மேசையில் வைத்துவிட்டு "நீங்க பச்சை, உங்களுக்கு வசூல் வேலை ஒத்துவராது" என்று சொன்ன எங்கள் ஹெச்.ஆர். அதிகாரி, தமக்கே தெரியாமல் ஓர் ஆசீவகர்.

சாங்கிய தத்துவக்காரர்கள் கட்சி வேறு. அவர்களுக்குக் குணம் மூன்று. சத்துவம் வெள்ளை, இராசதம் சிவப்பு, தாமதம் கறுப்பு. மூன்றும் எல்லோரிடமும் எப்போதும் உண்டு. ஒன்றையொன்று அடக்கும், ஒன்றையொன்று தாங்கும் என்கிறார் ஈசுவரகிருஷ்ணர். இன்றைக்கு அடங்கியது நாளைக்கு ஏறி உட்காரும். கைக்குட்டை விவகாரத்துக்குப் பிறகு நான் சாங்கியர் பக்கம்.

ஊர்களைப் பார்த்தாலும் அதுதான் சரி. ராஜபாளையம் ஓங்கிய சிவப்பு: மில், ஷிப்ட், பேண்டேஜ் துணி, எந்நேரமும் அவசரம். அதற்கு அடியில் ஒரு மஞ்சள் ஒடுங்கியிருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா தம் வீட்டைக் கொடுத்தது காந்தி கலை மன்றத்துக்கு. பஞ்சு குடோனுக்கு அல்ல. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஓங்கிய பச்சை. பாலும் சர்க்கரையும் அடுப்பு முன்னால் நின்று கிண்டும் பொறுமையும் சேர்ந்ததுதான் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே அந்தப் பொறுமைக்குத்தான். ஆடிப்பூரத்தன்று தேர்வடத்தைப் பிடித்த அதே ஆட்களைப் பாருங்கள், பச்சையை மருந்துக்கும் காணமுடியாது. ஊரின் முதல் குடும்பமே அப்படி. பெரியாழ்வார் நந்தவனம் வைத்து, முறை தவறாமல் மாலை கட்டிய நீலம். மகள் அதைத் தான் சூடிப் பார்த்த பிறகு கொடுத்த சிவப்பு. அப்பா பதறினார், பெருமாளோ சூடிய மாலைதான் வேண்டும் என்றார். எங்கள் ஊரில் நீலம் தோற்ற முதல் வழக்கு அதுதான்.

ராஜபாளையம் நாயையும் சாட்சிக்குக் கூப்பிடலாம். 2005-இல் தபால்தலை போட்டார்களே, அந்த நாய்தான். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. எங்கள் மேஸ்திரி வீட்டில் ஒன்று இருக்கிறது. வாசற்படிக்கு உள்ளே குழந்தைகள் அதன் காதைப் பிடித்து இழுக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. அதே நாய் என்னைப் பார்த்ததும் என்ன ஆகிறது என்பதற்கு என் வேட்டியின் கரை சாட்சி. அதற்கு ஒரு நிற அட்டை எழுதுவதென்றால் படிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு எழுத வேண்டும். நிறம் நாயிடம் பாதி, எதிரே நிற்கிற ஆளிடம் பாதி.

இந்தத் தத்துவத்தை வீட்டில் விளக்கினேன். என் மனைவி ராஜபாளையத்துப் பெண். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்குங்க மெட்ராஸ்லருந்து ஆளு? மேனேஜர் முன்னால நீங்க பச்சை. எங்கப்பா வந்தா மஞ்சள். சம்பளத்துக்கு முந்தின நாள் நீலம்."

"சிவப்பு?"

"அது எனக்கு மட்டும்."

கேள்வித்தாளில் இருந்த ஒரு கேள்விக்கும் இந்த விடையை வெளியே எடுக்கும் திறமை இல்லை. ஏனென்றால் அதை நிரப்பியவன் நான். ஓங்கிய நிறம் நாமே எழுதிக் கொடுப்பது. ஒடுங்கிய நிறம் அதை வாங்கிக் கட்டிக்கொள்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே வாசகர்களே, உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு பயிற்சி வந்தால் மறுக்காமல் போங்கள். பிஸ்கட் நன்றாக இருக்கும். ஓங்கிய நிறம் எது என்று பயிற்சியாளர் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். ஒடுங்கிய நிறத்துக்கு மட்டும் அவரை நம்பாதீர்கள், வீட்டில் கேளுங்கள். கட்டணம் கிடையாது. அறிக்கைதான் கொஞ்சம் நீளமாக இருக்கும்.