தரகு வாங்காத தரகர்

கேள்வி: வினையூக்கி வினையில் கலந்துகொள்ளும், ஆனால் செலவாகாது என்கிறார்களே. பிறகு எதற்குத்தான் அது?
– பிளஸ் டூ மாணவி, பொள்ளாச்சி

பதில்: நல்ல கல்யாணத் தரகர் என்ன செய்வார்? இரு வீட்டாரையும் ஒரே திண்ணையில் முகம் பார்த்து உட்காரவைப்பார். பேச்சு முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வினையூக்கியும் அப்படித்தான். தரகு மட்டும் கேட்காது!

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு மலையேறியா போகிறோம்? கணவாய் இருக்கிறதே! அதுபோல ஒரு தாழ்வான வழியை அது திறந்துவிடுகிறது. போய்ச் சேரும் ஊர், அதாவது சமநிலை, மாறாது. பயண நேரம்தான் குறையும்.

எவ்வளவு குறையும் என்பதுதான் என்னை மலைக்கவைக்கிறது. ஆர்.என்.ஏ.வுக்கான கட்டுமானப் பொருளை நம் உடல் தயாரிக்கையில், ஒரு மூலக்கூறிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழல வேண்டும். நொதி, அதாவது உடலிலுள்ள வினையூக்கி, இல்லாமல் வெறும் தண்ணீரில் அது பாதி நடக்கவே 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று 1995-ல் அன்னா ராட்சிக்காவும் ரிச்சர்ட் உல்ஃபெண்டனும் கணக்கிட்டார்கள். டைனோசர்கள் நடமாடியபோது தொடங்கியிருந்தால், இன்றைக்குப் பாதிதான் முடிந்திருக்கும். நொதி கூட இருந்தால், கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

வீட்டிலேயே பாருங்கள். பச்சை உருளைக்கிழங்குத் துண்டில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விடுங்கள். கேட்டலேஸ் என்ற நொதியால் நுரை பொங்கும். நன்றாக வேகவைத்த துண்டில் பொங்காது. சூட்டில் அந்த நொதிப் புரதத்தின் மடிப்பு குலைந்துவிடுகிறது. தரகர் உட்காரவைத்த திண்ணையே இடிந்துபோனது மாதிரி.