சிபாரிசு செய்பவரின் ஆரோக்கியம்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட எழுபது கிலோமீட்டர்ப் பாதையில், பஸ்ஸிலோ கலியாண மண்டபத்திலோ, ஐம்பது வயதைக் கடந்த இருவர் சந்தித்துக்கொண்டால், முதலில் மழையைப் பற்றியும், அப்புறம் மாம்பழக் கூழ் ஆலைக்காரர்கள் தோத்தாபுரிக்கு இந்த வருஷம் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றியும், பிறகு மலைமேல் தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றியும் சம்பிரதாயப்படி பேசி முடித்துவிட்டுக் குரலைச் சற்றே தாழ்த்தி, "நீங்க என்ன எடுத்துக்கறீங்க?" என்ற கேள்விக்கு வந்து சேர்வார்கள். கேட்கப்படுவது காபியோ டீயோ அல்ல. பி காம்ப்ளெக்ஸா, கால்ஷியமா, மீன் எண்ணெயா, அல்லது மூன்றுமா என்பதே கேள்வியின் தாத்பரியம். "ஒன்றும் எடுத்துக்கொள்வதில்லை" என்று பதில் சொல்கிறவனை எதிரிலிருப்பவர் பார்க்கும் பார்வையில், இன்ஷூரன்ஸ் இல்லாமல் லாரி ஓட்டுகிறவனிடம் காட்ட வேண்டிய அநுதாபம் பூராவும் இருக்கும்.

இந்தச் சத்து மாத்திரைகளால் மனத்துக்கும் தேகத்துக்கும் உண்டாகிற மாறுதல்கள் கண்ணுக்குத் தெரியக்கூடியவைதாமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. சந்தேகமே வேண்டாம். ஆனால் அவற்றைக் காண விரும்புகிறவர்கள், மாத்திரையை விழுங்குகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. அதைச் சிபாரிசு செய்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தேஜஸும் உற்சாகமும், இன்னும் நூறு வருஷம் வாழலாம் என்ற தைரியமும், சிபாரிசு செய்த அந்த க்ஷணத்திலேயே உதயமாவதைப் பிரத்தியட்சமாகத் தரிசிக்கலாம்.

எனக்கு இந்த உண்மையை உபதேசித்தவர் என் அக்காள் வீட்டுக்காரர். அவர் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜன்மத்தின் பெரும்பகுதியை மற்றவர்களுடைய மனுக்களின் ஓரத்தில் 'சிபாரிசு செய்யப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திடுவதிலேயே கழித்த அவருக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சிபாரிசு செய்வதற்கு உலகத்தில் ஒரு வஸ்துவும் இல்லாமற்போனதால் உண்டான சூனியத்தை, மருந்துக் கடைக்காரர் ஒருவர் இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றுதான் நிரப்பிற்று. கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகளும் ஏழு மூடிகளும் கொண்ட அந்த டப்பா, சாப்பாட்டு மேஜையில் ஆவக்காய் ஜாடிக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் நடுவே வீற்றிருக்கும். மூடியைத் திறந்தால் பச்சைக் கண்ணாடி மணி மாதிரி எவியான் ஒன்று, தொண்டையில் அகலவாட்டில் நிற்பதற்கென்றே வடிவமைத்தாற்போன்ற கால்ஷியம் மாத்திரை ஒன்று, வேளைக்கொன்றாகப் பி காம்ப்ளெக்ஸ், ஆரஞ்சு மிட்டாய் வாசனையோடு ஒரு லிம்சீ. லிம்சீயை மட்டும் பேரப்பிள்ளைகள் திருடித் தின்றுவிடுவதால், அவருடைய வைட்டமின் சி எப்போதும் ஒரு நாள் பின்தங்கியே இருக்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் பரிசோதனை உண்டு.

"மச்சான், உனக்கு ஞாபக மறதி இருக்கா?"

"இல்லை மாமா."

"இருந்தது மறந்துபோயிருக்கும். எதுக்கும் பி-ட்வெல்வ் பார்த்துடு."

இதற்கு என்ன ஆட்சேபணை சொல்ல முடியும்? தவிரவும், அவர் சொல்வது அசட்டுத்தனமும் அல்ல. பி-12 என்பது தாவரங்களில் கிடைக்காத சத்து. பாலையும் தயிரையும் மட்டும் நம்பியிருக்கும் சைவ போஜனக்காரர்கள் பலருக்கு அது குறைவதும், குறைந்தால் சோர்வு, மறதி, கை கால் மரமரப்பு, காரணம் தெரியாத மனவாட்டம் ஆகியவை வருவதும் வைத்தியர்கள் அங்கீகரித்த விஷயங்கள். மாமாவின் தோஷம் ஒன்றே ஒன்றுதான். ஆட்டுக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அறியாத என் போன்றவனையும் அவர் விலக்கிவிடுவதில்லை.

பி காம்ப்ளெக்ஸின் மகிமையைப் பற்றி அவரிடம் ஒரு நிரூபணமும் உண்டு. சபை நாகரிகத்தை உத்தேசித்து நான் அதைச் சுற்றி வளைத்தே சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்துக்கெல்லாம், கொல்லைப்புறத்துக்குப் போய் வருகிற மனிதர் அசல் சண்பகப்பூ மஞ்சளை அங்கே காண்கிறார். இது ரைபோஃபிளேவின் என்கிற பி-2 சத்தின் நிறம். உடம்பு தனக்கு வேண்டிய சொற்பத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரகத்தின் வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதே அதன் அர்த்தம். மாமாவோ அதை, கஜானாவில் பணம் கட்டியதற்குக் கிடைத்த ரசீதாகவே பாவித்துப் பரம திருப்தி அடைகிறார். கட்டிய பணத்தையே அப்படியே வாபஸ் கொடுத்துவிட்டார்கள் மாமா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இனி, சூரிய பகவானுடைய விஷயம். திருப்பதியில் வெயில் குறைவு என்று சொல்கிறவனை ஊரார் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சித்திரை, வைகாசியில் திருமலை மாட வீதிகளில் நடக்கும் பக்தர்களின் பாதம் கொப்புளிக்காமலிருக்கத் தேவஸ்தானத்தார் தரையில் வெள்ளைப் பூச்சுப் பூசி, விரிப்பும் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில், ஸ்விம்ஸ் என்று ஜனங்கள் சொல்லும் ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஹரிநாராயணும் அவருடைய சகாக்களும், திருப்பதியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ஆயிரம் பேருக்கு மேல் பரிசோதித்து, வெயிலால் கிடைக்க வேண்டிய வைட்டமின் டி தாராளமாகக் குறைந்திருக்கிறது என்று 2007இல் பிரசுரம் செய்தார்கள். கழனியில் வேலை செய்கிற கிராமத்தாரைவிட நகரத்தாருக்கே குறைவு அதிகம். கால்ஷியம் விஷயத்திலோ இரு சாராருமே ஏழைகள். கிராமத்தார் இன்னும் கொஞ்சம் ஏழைகள். நம் சங்கடிக்குப் போடும் ராகியில் கால்ஷியம் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதே என்று மார்தட்டலாம். ஆனால் தானியத்திலுள்ள பைட்டேட் என்கிற பொருள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறதாம். ராகியை முளைகட்டியும் கூழைப் புளிக்கவைத்தும் நம் பாட்டிமார் செய்த பக்குவத்தில் அந்தப் பிடி தளரும் என்பது அவர்களுக்குத் தெரியாது; ருசியாக இருக்கிறது என்றுதான் செய்தார்கள்.

அத்தோடு விடவில்லை அந்த வைத்தியர்கள். தோலிலே இருந்துகொண்டு, வெயில் பட்டதும் வைட்டமினாக மாறத் தொடங்கும் மூலப்பொருளைச் சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, காலை முதல் மாலை வரை திருப்பதி வெயிலில் வெவ்வேறு நேரங்களில் வைத்துப் பார்த்து, பகல் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட வெயிலே உத்தமம் என்று கண்டுபிடித்தார்கள். அதாவது, காகங்கூடக் கூரை நிழலில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் வேளை. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மோர் குடித்துக் கண்ணயரும் வேளை. அந்த முகூர்த்தத்தில் முழங்கையும் முதுகும் வெயிலில் பட நடுத்தெருவில் நிற்கும்படி ஒருவனிடம் சொன்னால், அவன் வைட்டமினைத் தேடுவதற்கு முன்னால் நம்முடைய புத்திசுவாதீனத்தைத் தேடுவான். ஆதலால் காலை ஏழு மணிக்கு, குடை பிடித்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு உலாவிவிட்டு வந்து, "வெயில்ல நடந்து என்ன பிரயோஜனம், டி ஏறவே இல்லை பாரு" என்று மாமா விசனப்படுவது நியாயமே.

அதற்குப் பரிகாரமாக வந்தது அறுபதாயிரம். சிறு பொட்டலத்தில் பொடியாக வரும். பாலில் கலக்கி வாரம் ஒரு முறை குடிக்க வேண்டும். இந்தச் சம்பிரமமான தொகையை உச்சரிக்கும்போது மாமாவின் குரலில் ஒரு ஜமீன்தார் தொனி வந்துவிடும். "அறுபதாயிரம் யூனிட், மச்சான்! வாரத்துக்கு ஒண்ணுதான். எட்டு வாரம். தினம் போட்டா கால்ஷியம் ரத்தத்துல ஏறி, வாந்தி வந்து, பிரமை பிடிச்சு ஆஸ்பத்திரியில படுக்கணும்" என்று எச்சரிப்பதிலும் அவர் தவறியதில்லை. இந்த எச்சரிக்கை நூற்றுக்கு நூறு உண்மை. அந்த மட்டும் அவர் பல டாக்டர்களைக் காட்டிலும் பொறுப்பானவர்.

மனம் உற்சாகப்படுகிறதா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பதினெட்டாயிரம் பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு வைட்டமின் டியும் மறு பாதிக்கு வெறும் போலி மாத்திரையுமாக ஏறக்குறைய ஐந்து வருஷம் கொடுத்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு விஷயத்தில் இரு கட்சியாருக்கும் வித்தியாசம் காணோம். எனக்கு இதில் ஒரே ஒரு குறை. மாத்திரையை விநியோகம் செய்தவர்களுடைய மனநிலையை அவர்கள் அளந்து பார்க்கவில்லை.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். ராஜாஜி 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, மறு வருஷமே சித்தூருக்கும் கடப்பைக்கும் நீட்டினார். கள்ளுக்கடைகள் மூடின. ஆனால் திராட்சாசவமும் தசமூலாரிஷ்டமும் மூடப்படவில்லை. காட்டாத்திப் பூவையும் வெல்லத்தையும் போட்டுப் புளிக்கவைக்கிற காரணத்தால் இவற்றில் சாராய சத்துத் தானாகவே விளைந்துவிடுகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு வரைகூட இருக்கும். இங்கிலீஷ் டானிக்குகள் சிலவற்றிலும் சத்தைக் கரைப்பதற்கென்று சொல்லிச் சாராயம் சேர்த்திருந்தார்கள். சர்க்காரும் அசமந்தமாக இருந்துவிடவில்லை; 1955இல், சாராயம் கலந்த மருந்துகளுக்குத் தீர்வை போட ஒரு சட்டமே செய்தது. என் பாட்டனார் ராச்சாப்பாட்டுக்குப் பின் ஜீரணத்தை உத்தேசித்து ஓர் அவுன்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜன்ம விரோதிகளைக்கூட மன்னித்த விருத்தாந்தத்தை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிக்கொள்வதுண்டு. மனநிலையில் உண்டாகும் கண்கூடான மாறுதல் என்றால் அதுவல்லவோ!

ஆகாரத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. குன்னூரில் மக்காரிஸன் என்ற வெள்ளைக்காரர் எலிகளுக்குச் சீக்கியர் போஜனம், மதராஸிகள் போஜனம் என்று தினுசுவாரியாகப் போட்டுப் பார்த்தார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், டப்பா இறைச்சி, ஜாம், சர்க்கரை போட்ட தேநீர் என்று ஏழை இங்கிலீஷ்காரன் சாப்பாட்டைத் தின்ற எலிகள் சிடுசிடுத்து, வேலைக்காரரைக் கடித்து, இரண்டு மாதத்தில் ஒன்றையொன்று கொன்று தின்னவும் தலைப்பட்டனவாம். மதராஸி எலிகளுக்கோ, வளர்ச்சியில் கடைசி வரிசைதான்.

எங்கள் குடும்பத்திலோ இந்தச் சாஸ்திரம் முழுவதையும் ரூபித்துக் காட்டியவர் ஏழு மூடி டப்பாவின் சொந்தக்காரர் அல்லர், அக்காள். ஊரெல்லாம் நாடி பார்த்த மாமா, தமக்கு மூன்று வேளையும் சோறு போடுகிற மனுஷி மாடிப்படியில் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை மட்டும் கவனிக்கவில்லை. மகள் அழைத்துக்கொண்டு போய் ரத்தம் பார்த்ததில் பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டரை இருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. அக்காள் அந்த வயதைத் தாண்டியும் சங்கத்தை விட்டு விலகாதவள். இரும்புச் சத்து மாத்திரையை எலுமிச்சம்பழச் சாறோடு சாப்பிட வேண்டும், காபியோடும் கால்ஷியத்தோடும் சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, இரும்பையும் கால்ஷியத்தையும் ஒன்றாகவே ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்து வந்த மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சில மாதங்களில் நடந்ததை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். அக்காள் முகத்தில் நிறம் வந்தது. மூச்சு நின்றது, அதாவது, வாங்குவது நின்றது. கூடவே, முப்பது வருஷமாகச் சொல்ல நினைத்து அலுப்பினால் விட்டுவிட்ட அபிப்பிராயங்கள் எல்லாம் கிரமமாக வெளிவரத் தொடங்கின. டப்பா சாப்பாட்டு மேஜையை விட்டு அலமாரிக்குப் போயிற்று. வாடகை பாக்கி வைத்திருந்த கடைக்காரன் தானாக வந்து கட்டினான். அக்காளுக்கு ரத்தம் ஏற ஏற, மாமாவின் பேச்சில் சுருதி இறங்கிற்று.

பிரார்த்தனை நிறைவேற்ற அலிபிரியிலிருந்து நடந்தே மலையேற வேண்டும் என்று தீர்மானித்ததும் அக்காள்தான். மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது படி. அவள் படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே முன்னால் போக, நானும் மாமாவும் பின்னால் போனோம். காலி கோபுரத்தை எட்டியபோது மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இனி ஓர் அடி எடுத்து வைக்க முடியாது என்று சைகை செய்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நெல்லூர்க்காரர் ஒருவர், அவர் வயதே இருக்கும், முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் மாமாவுக்கு மூச்சு சீர்ப்பட்டது, முதுகு நிமிர்ந்தது, பழைய தேஜஸ் முகத்தில் மீண்டும் பிரகாசித்தது. கால்ஷியத்தில் தொடங்கி, அறுபதாயிரத்தைத் தொட்டு, பி-ட்வெல்வ் வரைக்கும் தெலுங்கில் தங்குதடையின்றிப் பிரசங்கித்தார். நெல்லூர்க்காரர் பொறுமையாகத் தலையசைத்துக் கேட்டுவிட்டு, தம்முடைய ஜோல்னாப் பையைத் திறந்து ஒரு டப்பாவை வெளியே எடுத்தார். அதில் பதினான்கு மூடிகள், காலைக்கு ஏழு, ராத்திரிக்கு ஏழு.

"மீரு அஸ்வகந்த வாடலேதா?" என்று, அதாவது நீங்கள் அஸ்வகந்தா உபயோகித்ததில்லையா என்று, அவர் பரிதாபத்தோடு ஆரம்பித்தார்.

மாமா என்னைப் பார்த்தார். மேல் படியிலிருந்து அக்காளின் குரல் கேட்டது: "அங்க என்ன உட்கார்ந்துக்கிட்டு? எழுந்து வாங்க, டோக்கன் டைம் போயிடும்!"

ஜன்மத்தில் முதல் முறையாக, இரண்டு படியை ஒரே எட்டில் தாண்டினார் மாமா.