பதினாறாம் அடி: ஃப்ளோரிடாப் படகுப் பதிவுக் கட்டணம் குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் படகு வைத்திருப்பவரை 'அடி' என்னும் அலகு எவ்வாறு பதம் பார்க்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஈண்டு அடி என்றது செய்யுளடி அன்று. 12 அங்குலம் கொண்ட நீட்டலளவை. வாங்கும் அடியையும் அது குறிக்கும் என்பது போகப் போகப் பெறப்படும். முன்னோர் எவரும் இத்துறையில் இறங்காமைக்குக் காரணம் அவர்களிடம் படகு இல்லாமையே என்பது என் துணிபு. என்னிடமும் இல்லை. பெரியப்பா மகன் வாங்கினார், நான் விடுமுறைக்குப் போனேன், ஆய்வு பிறந்தது.

ஆய்வுப் பொருள் ஒரு பழைய ஃபைபர் படகு. பின்னால் ஓர் அவுட்போர்டு மோட்டார், நடுவில் இரண்டு இருக்கை, அவற்றில் ஒன்று கிழிசல். விலை 4,000 டாலர். மாநில விற்பனை வரி 6 சதவீதம், அதாவது 240 டாலர். கவுண்டியின் மேல்வரி தனி. எவ்வளவு பெரிய படகு வாங்கினாலும் இந்த வரி 18,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று அந்த மாநிலச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆகவே 3 லட்சம் டாலர் வரைதான் வரி வலிக்கும், அதற்குமேல் வலிக்காது. அண்ணனுக்கு வலித்தது.

இனிச் சொற்பொருள். அங்கே படகுக்கு இரண்டு காகிதம். 'டைட்டில்' என்பது நம்மூர் மூலப்பத்திரம். படகு இன்னாருடையது என்று சொல்லிவிட்டு, விற்கும்வரை பீரோவில் கிடக்கும். 'ரெஜிஸ்ட்ரேஷன்' கிஸ்தி ரசீது மாதிரி. புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீரில் இறங்கினால் கூடவே எடுத்துப்போக வேண்டும். பத்திரம் மின்வடிவில் 5.25 டாலர், காகிதத்தில் 7.75, கையோடு வேண்டுமென்றால் 11. படகின்மேல் கடன் இருந்தால் அந்த வில்லங்கத்தைக் குறிக்க ஒரு டாலர். (நம் சார்பதிவாளர் அலுவலக மரத்தடியில் நின்றவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம்.) அண்ணன் காகிதமே வேண்டும் என்றார். "ஸ்கிரீன்ல தெரியுறது எப்படிடா பத்திரமாகும்?" என்பது அவர் கட்சி. 2.50 டாலர் கூடுதலாகக் கொடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆய்வின் மையம் பதிவுக் கட்டணம். சட்டம் படகுகளை ஏழு சாதியாகப் பிரிக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிக்கொண்டு போனவர்கள், ஒன்றுக்கும் கீழே இரண்டு இனம் உண்டெனப் பிறகுதான் கண்டார்கள்போலும். அவற்றுக்கு ஏ-1, ஏ-2 என்று பெயர். 12 அடிக்குக் குறைந்தது 5.50 டாலர். 12 முதல் 16-க்குள் 16.25. 16 முதல் 26-க்குள் 28.75. 26 முதல் 40-க்குள் 78.25. 40 முதல் 65-க்குள் 127.75. 65 முதல் 110-க்குள் 152.75. அதற்குமேல் 189.75, அத்தோடு சரி. இது மாநிலக் கணக்கு. விரும்பிய கவுண்டிகள் தம் பங்கைச் சேர்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து பெறப்படுவன பல. 15 அடி 11 அங்குலப் படகுக்கும் 16 அடிப் படகுக்கும் இடையிலுள்ள ஓர் அங்குலத்தின் விலை 12.50 டாலர். ஆனால் அதற்கு அடுத்த 119 அங்குலமும் இலவசம். 26-ஆம் அடியைத் தொடும் அங்குலம் 49.50 டாலர், 40-ஆம் அடியைத் தொடும் அங்குலமும் சொல்லிவைத்தாற்போல் அதே 49.50. 65-ஆம் அடியில் 25 டாலராக இறங்கி, 110-இல் 37 ஆக ஏறுகிறது. காரணம் விளங்கவில்லை, விளங்காத இடத்தில் 'மேலும் ஆய்வுக்குரியது' என்று எழுதுவது மரபு. மேலும் ஆய்வுக்குரியது. சரியாக 12 அடி நீளமுள்ள ஓட்டைப் படகுக்காரர் அடிக்கு ஒரு டாலர் 35 சென்ட் கட்டுகிறார். 300 அடிச் சொகுசுக் கப்பல்காரர் கட்டுவது அடிக்கு 63 சென்ட். மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற கொள்கை மளிகைக்கு மட்டும் உரியதன்று.

எங்கிருந்து எதுவரை நீளம்? முன்நுனி முதல் பின்நுனி வரை, நடுக்கோட்டுக்கு இணையாக, நேராக. முன்னால் நீட்டிய கழி, சுக்கான், மோட்டார் மாட்டும் தாங்கி, கைப்பிடி ஆகியன கணக்கில் வாரா. வீட்டு வாசலில் டிரெய்லர்மேல் நின்ற படகை நாங்கள் அளந்தோம். அண்ணி முன்னால் டேப்பின் கொக்கியைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் மோட்டாருக்குள் தலையை விட்டு இழுத்தேன். "தொங்குது, இழுத்துப் பிடிங்க தம்பி" என்றார் அண்ணி. டேப் தொங்கினால் நீளம் கூடும், 12.50 டாலர் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் 15 அடி 11½ அங்குலம்.

மறுநாள் கவுண்டி வரி வசூல் அலுவலகத்தில் அண்ணன் இந்தக் கண்டுபிடிப்பை முன்வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த அம்மையார் பழைய பத்திரத்தைப் புரட்டினார். அதில் 16 அடி 0 அங்குலம். 28.75 என்றார். டேப் பிரமாணமா, பத்திரம் பிரமாணமா எனின், பத்திரமே பிரமாணம். திருத்த வழியுண்டு, அதற்கு வேறு படிவம் என்றும் சொன்னார். பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்துவது நம் மரபு. பத்திரச் செலவோடு 36.50 டாலர் கட்டிவிட்டு அண்ணன் வெளியே வந்தார்.

மோட்டார் இல்லாத 16 அடிக்குட்பட்ட படகுக்கும், எந்த நீளக் கயாக்குக்கும் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் கயாக்கின் பின்னால் சின்னதாக ஒரு பேட்டரி மோட்டார் மாட்டிவிட்டால்? 'சிறிது ஆதலின் மோட்டார் ஆகாதோ எனின், ஆகும்' என்க. மாட்டிய கணமே அது பதிவுக்குரிய கலமாகிவிடும். கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்தவர்கள் நாம். 16 அடிக்குள் கட்டித் துடுப்பு போட்டால் அதை ஃப்ளோரிடாவில் பதிவே செய்ய வேண்டியதில்லை. தமிழர் தொன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டும்.

பெரிய படகுக்காரர்கள் கடலோரக் காவல்படையிடம் ஆவணப்படுத்திக்கொள்ளலாம். முதல் முறை 133 டாலர், பிறகு ஆண்டுக்கு 26. 5 நிகர டன் இருக்க வேண்டும். டன் என்றது ஈண்டு எடை அன்று, கொள்ளளவு: 100 கன அடி ஒரு டன். 1854-இல் பிரிட்டனில் சட்டமான மூர்சம் முறை அது. சொல்லோ அதற்கும் முந்தைய ஒயின் பீப்பாயின் பெயர். இப்படி ஆவணப்படுத்தினால் மாநிலப் பத்திரம் வேண்டாம். மாநிலப் பதிவும் ஸ்டிக்கரும் வேண்டும். தப்பித்தோம் என்று நினைத்தவர் தப்பவில்லை.

படகின் முன்பாதியில், இருபுறமும், 3 அங்குல உயரத்துக்குக் குறையாமல் எண் ஒட்ட வேண்டும். எஃப்.எல்., நான்கு இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து. அந்த இரண்டில் ஐ, ஓ, க்யூ வராது. ஒன்று, சுழி என்று குழம்பும். அண்ணன் எழுத்துகளைக் கோணலாக ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டினார். இன்றும் 7 சற்றுக் குனிந்தே இருக்கிறது.

பதிவுக் காலம் உரிமையாளரின் பிறந்த மாதத்தை ஒட்டி முடியும். அண்ணன் பிறந்தது ஐப்பசியில், அடைமழையில். ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வயதைக் கூட்டிக் கழித்து ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அதுவே பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போய், பாஸ்போர்ட்டுக்குப் போய், விசாவுக்குப் போய், இப்போது அட்லாண்டிக் கரையோர மாநிலமொன்றில் 16 அடிப் படகின் ஆயுளை நிர்ணயிக்கிறது. அந்த ஆசிரியர் கடலைப் பார்த்தவரா என்பதுகூடத் தெரியாது. என் ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே.

இந்த ஜூனில் அண்ணன் புதுப்பிக்கவில்லை. சென்ற ஓராண்டில் படகு தண்ணீரில் இறங்கியது மூன்று முறை. அதில் ஒரு முறை டிரெய்லரோடு. வாங்க விரும்புவோர் நேரில் வந்து பார்க்கலாம். நீளம் 15 அடி 11½ அங்குலம், பத்திரப்படி 16.