சக்கரத் துலக்கவியல்: அலாய் வீல் விளக்குதல் பற்றிய ஆய்வேட்டுச் சுருக்கம்

முன்னுரை

பல் விளக்குதல், குத்துவிளக்கு விளக்குதல், வெண்கலப் பானை விளக்குதல் ஆகிய துறைகளில் தமிழர் அடைந்திருக்கும் தேர்ச்சி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கார்ச் சக்கரம் விளக்குதல் மட்டும் வாட்டர் சர்வீஸ் கடைகளின் வாய்மொழி மரபாகவே நின்றுவிட்டது. அதை ஏட்டில் ஏற்றுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை: அலுமினியக் கலவைச் சக்கரங்கள். இரும்பு ரிம்மும் அதன்மேல் மாட்டும் பிளாஸ்டிக் வீல் கப்பும் விலக்கப்பட்டன. வீல் கப்பைப் பொறுத்தவரை, ஆய்வாளர் நெருங்குவதற்குள் அது ஏதாவதொரு பள்ளத்தில் கழன்று உருண்டோடிவிடுவதால் தரவு திரட்ட இயலவில்லை.

கருதுகோள் ஒன்றே ஒன்று: அழுக்கு சக்கரத்தைக் கெடுப்பதைவிட, அழுக்கை எடுக்கும் ஆர்வமே அதிகம் கெடுக்கிறது.

இயல் 1: தோற்றமும் வளர்ச்சியும்

1924இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் ப்ரீ பந்தயத்துக்கு எட்டோரே புகாட்டி தம் டைப் 35 கார்களைக் கொண்டுவந்தார். அவற்றின் சக்கரங்கள் அலுமினியத்தில் வார்த்தவை. பட்டையான எட்டு ஆரங்கள்; பிரேக் டிரம்மும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தது. அன்றைய பந்தயத்தில் டயர்கள் காலை வாரிவிட்டன. சக்கரமோ வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. எடை குறைய வேண்டும், பிரேக் சூடு ஆற வேண்டும் என்பவைதாம் அதன் நோக்கங்கள். அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணை உறுத்துவது பிற்காலத்தார் கண்ட பயன்.

இன்றைய சக்கரங்களில் பெரும்பாலானவை ஏ356 எனப்படும் கலவையில் வார்க்கப்படுகின்றன. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான், துளி மக்னீசியம். அதன்மேல் பிரைமர், நிறம், கண்ணுக்குத் தெரியாத கிளியர் கோட் என அடுக்குகள். நாம் விளக்குவதாக நம்புவது அலுமினியத்தை. உண்மையில் விளக்குவது இந்தக் கிளியர் கோட்டை. இவ்வேறுபாடு அறியாமையே பின்னர் கூறப்படும் அவலங்கள் அனைத்துக்கும் வேர்.

இயல் 2: அழுக்கின் மூலம்

சக்கரத்தில் படியும் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் அறிஞர் இரு அணியாகப் பிரிகின்றனர். சாலையிலிருந்து வருகிறது என்பர் ஒரு சாரார். இவர்கள் மாநகராட்சியையும் சேர்த்தே திட்டுவதால் ஆதரவாளர் அதிகம். பிரேக்கிலிருந்து வருகிறது என்பர் மறுசாரார்.

முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒருசேர நோக்கினால் வழக்கு முடிந்துவிடும். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் முன்னே டிஸ்க் பிரேக், பின்னே டிரம் பிரேக். ஓடியது ஒரே சாலையில்தான். ஆயினும் முன்சக்கரம் கரியாய் இருக்க, பின்சக்கரம் பளிச்சென்றிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பளு முன்னே சாய்வதால் முன்பிரேக்குக்கே வேலை அதிகம். பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசி உதிரும் தூள் வெளியே சிதறிச் சக்கரத்தில் ஒட்டுகிறது. டிரம் தன் தூளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அடக்கமுடையது.

தூளில் இருக்கும் இரும்புத் துகள்கள் சூட்டோடு கிளியர் கோட்டில் பதிந்து துருப்பிடிக்கின்றன. ‘அலுமினியம் துருப்பிடிக்காது என்றார்களே!’ என்று உரிமையாளர் ஷோரூமுக்குப் போன் செய்யும் பழுப்புப் புள்ளிகள் இவையே. துரு உண்மை, ஆனால் அது டிஸ்க்கின் துரு. பழி மட்டும் சக்கரத்தின் மேல்.

இயல் 3: உலோகத்தின் குணம்

அலுமினியம் காற்றுப் பட்ட கணமே தன்மேல் ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன் தடிமன் சில நானோமீட்டர். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 4க்கும் 9க்கும் நடுவில் இருக்கும்வரை இப்போர்வை கலையாது. இதை நம் சமையலறைகள் நெடுநாளாகவே அறியும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீர் அலுமினிய இட்லிப் பானையைக் கறுப்பாக்கும் என்பதற்காகத்தானே அடித்தண்ணீரில் ஒரு துண்டு புளியோ எலுமிச்சைத் தோலோ போடுகிறார்கள்? இந்த அறிவு சமையலறையிலிருந்து வாசலில் நிற்கும் கார்வரை வந்து சேரவில்லை என்பதே ஆய்வாளரின் வருத்தம்.

மேற்படி அலுமினிய ஆக்சைடுதான் படிக வடிவில் குருந்தக்கல். சிறிது குரோமியம் கலந்தால் மாணிக்கம்; இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அதையே தூளாக்கித் தாளில் ஒட்டினால் உப்புத்தாள். ஆக, சக்கரத்தைத் தேய்க்கும் தாளில் இருப்பது சக்கரத்தின் சொந்தக்காரனே. உறவினரால் வரும் தேய்மானம் உலோகங்களுக்கும் பொது.

இயல் 4: துலக்குவோர் வகைப்பாடு

முதலாவது, ஆயுத பூசைப் பிரிவினர். ஆண்டுக்கொருமுறை சக்கரத்தைக் கழுவிச் சந்தனம் குங்குமம் இடுபவர்கள். அச்சந்தனம் தீபாவளி வரையிலும் காய்ந்து நிற்கும். அமிலம் நிறைந்த எலுமிச்சையை இவர்கள் ரிம்மில் தேய்க்காமல் டயருக்கடியில் வைத்து நசுக்கிவிடுவதால் உலோகத்துக்கு ஆபத்தில்லை. மூன்று பிரிவினருள் சக்கரத்துக்கு மிகக் குறைந்த தீங்கு செய்பவர்கள் இவர்களே.

இரண்டாவது, ஆசிட் பிரிவினர். குளியலறைத் தரைக்கு வாங்கிய ஆசிட்டில் மிச்சம் இருப்பதைக் கண்டு மனம் பொறுக்காதவர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆக்சைடுப் போர்வையைக் கரைத்து, அடியிலிருக்கும் உலோகத்தில் குழி பறிக்கும். ஊற்றிய ஐந்து நிமிடம் சக்கரம் ஜொலிக்கும்; பிறகு வெளுத்த திட்டுகளாகும். காஸ்டிக் சோடாவுக்கு மாறுவோர் இன்னொரு வகையில் அதே இடம் போய்ச் சேர்வர்.

மூன்றாவது, பஃப் பிரிவினர். பாலிஷைத் தடவிப் பனியன் வேஸ்ட்டால் தேய்ப்பார்கள். துணி கறுக்கும். ‘பார்த்தீர்களா, எவ்வளவு அழுக்கு!’ என்று மேலும் தேய்ப்பார்கள், மேலும் கறுக்கும். கிளியர் கோட் இல்லாத அலுமினியத்தில் அந்தக் கறுப்பு அழுக்கன்று, நுண்தூளாக உதிரும் சக்கரமே. கறுப்பு நிற்கும்வரை தேய்ப்பேன் என்பவர் சக்கரம் தீரும்வரை தேய்க்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு: மறைவான மூலையில் சிறிது பாலிஷ் தேய்த்துத் துணி கறுத்தால் அது வெற்று உலோகம், கறுக்காவிட்டால் கிளியர் கோட் இருக்கிறது, பாலிஷ் டப்பாவை மூடிவிடலாம்.

முறையான வழியோ சலிப்பூட்டும் அளவுக்கு எளியது. சக்கரம் ஆறியிருக்க வேண்டும். கார் ஷாம்பு, தண்ணீர், மெல்லிய பிரஷ், பாடிக்கு எடுக்காத தனி வாளி. பழுப்புப் புள்ளிகளுக்கு அயர்ன் ரிமூவர். அதிலுள்ள தயோகிளைகோலேட் உப்பு இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக வழியும். அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டும் மருந்தும் இதே குடும்பம். கந்தக நாற்றம் இரண்டுக்கும் பொது.

இயல் 5: புதுப்பித்தல்

நடைபாதைக் கல்லில் உரசிய விளிம்பு கழுவினால் சரியாகாது. டயரைப் பிரித்து, பேலன்சிங் எடைகளைப் பெயர்த்து, எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்து, பிசிறை அரத்தால் ராவ வேண்டும். பிறகு முள்ளை முள்ளால் எடுக்கும் கலை: 120ஆம் எண் தாள் போட்ட கீறலை 220 அழிக்கும், அதன் கீறலை 400. பொறுமை இழந்து நடுவில் ஓர் எண்ணைத் தாவியவரின் கீறல், பெயிண்ட் காய்ந்தபின் எழுந்து நின்று சாட்சி சொல்லும். ஆழமான வடுவுக்குப் பட்டி, மேலே பிரைமர், சில்வர், கிளியர் கோட்.

லேத்தில் கடைந்த டைமண்ட் கட் முகத்தைத் தாளால் மீட்க முடியாது. மறுபடி லேத்தில்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்திலும் உலோகம் கொஞ்சம் குறைவதால் இது எல்லையுள்ள சுகம்.

வெடிப்புக்கு மட்டும் இவ்வாய்வில் வைத்தியம் இல்லை. இச்சக்கரங்கள் சுமார் 540 டிகிரியில் சூடேற்றித் தண்ணீரில் தோய்த்து, பின் மிதமான சூட்டில் பதப்படுத்தப்பட்டவை. ஆரத்தில் வெல்டிங் வைத்தால் அந்தப் பதம் அவ்விடத்தில் போய்விடும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த வெடிப்பும் வெடிப்புதான்.

தொகுப்புரை

கருதுகோள் நிறுவப்பட்டது. ஓடும்போது சக்கரத்தின் அழகு யாருக்கும் தெரியாது; நிற்கும்போது ஓட்டியவர் உள்ளே இருக்கிறார். எனவே பளபளப்பு முழுக்க முழுக்கப் பிறருக்கான தொண்டு. அத்தொண்டை ஷாம்பு அளவோடு நிறுத்திக்கொள்வது சக்கரத்துக்கு நல்லது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். விளக்குவதற்காகச் சக்கரத்தைக் கழற்றியவர்கள், மாட்டியபின் வீல் நட்டுகளை உரிய அளவுக்கு முடுக்குங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி சரிபாருங்கள். பளபளப்பு இல்லாத வண்டி ஓடும். நட்டு இல்லாத வண்டியில் சக்கரம் மட்டும்தான் ஓடும்.